வெல்டிங் ராடு தேர்வு: உடைந்த கருவி மீண்டும் உடையாதிருக்க

உழவுப் பருவத்தில் ஒரு கருவி உடைந்தால் அதனால் வரும் நட்டம் பட்டறைக் கூலியோடு நிற்பதில்லை. சேற்றுழவின்போது டிராக்டரின் கேஜ் வீல் பட்டை தெறித்துவிட்டால் அன்றைய முறைத் தண்ணீர் வீணாகிறது. நடவாட்கள் திரும்பிப் போகிறார்கள். நாற்றுக்கு வயது ஏறுகிறது. பட்டறைக்குக் கொண்டு சென்று பற்ற வைத்து எடுத்து வந்த கருவி, அதே இடத்திலோ அதற்கு அரை அங்குலம் தள்ளியோ மறுபடியும் உடைவது இன்னும் மோசம். வெல்டரின் கைத்திறன் போதாது என்று விவசாயிகள் பொதுவாக எண்ணுகிறார்கள். பல நேரங்களில் குறை கைத்திறனில் இல்லை. உடைந்த இரும்பு ஒரு வகையாகவும், அதன்மேல் உருக்கி இட்ட ராடு அதற்கு ஒவ்வாத வேறு வகையாகவும் இருப்பதே காரணமாகிறது.

கிராமப்புறப் பட்டறைகளில் பெரும்பாலும் ஒரே வகை ராடுதான் இருக்கும். கேட், ஜன்னல், மாட்டுக் கொட்டகையின் கூரைச் சட்டம் ஆகியவற்றுக்கு வாங்கி வைத்த ராடே கலப்பைக் கொழுவுக்கும், பம்ப்செட் உறைக்கும், டிரெய்லர் கொக்கிக்கும் பயன்படுத்தப்படுகிறது. இதைப் பட்டறைக்காரரின் குற்றம் என்று மட்டும் கூறிவிட முடியாது. கருவியைக் கொண்டு வருபவர் அது எந்த இரும்பு, எந்த வேலைக்கு உரியது என்று சொல்வதில்லை, அவரும் கேட்பதில்லை. ராடு வகைகளைப் பற்றி விவசாயி ஓரளவு அறிந்திருந்தால், சரியான ராடை வாங்கிக் கொண்டு போய்க் கொடுத்தே வேலையை முடித்துக் கொள்ளலாம்.

ராடும் அதன் எண்ணும்

வெல்டிங் ராடு என்பது உள்ளே ஒரு இரும்புக் கம்பியும் அதன்மேல் ஒரு பூச்சும் கொண்டது. பூச்சு வெறும் அழகுக்கன்று. அது எரியும்போது எழும் புகை, உருகிய இரும்பைக் காற்று படாமல் காக்கிறது. உருகிய பூச்சு கசடாக மேலே படிந்து, இரும்பு மெல்ல ஆற உதவுகிறது. பூச்சில்லாத வெறும் கம்பியால் பற்ற வைத்தால் காற்றிலுள்ள ஆக்சிஜனும் நைட்ரஜனும் உருகிய இரும்பில் கலந்து, இணைப்பு ஓடு போல் நொறுங்கும். இந்தக் குறையை நீக்கவே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டுப் பொறியாளர் ஆஸ்கார் ஷெல்பெரி பூச்சிட்ட ராடை உருவாக்கினார். இன்றும் ஒரு ராடின் குணத்தைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது அதன் பூச்சே.

பெட்டியின்மேல் 6013, 7018 என்பன போன்ற எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். இது அமெரிக்க முறைக் குறியீடு. முதல் இரண்டு இலக்கங்கள் இழுவிசைத் தாங்கு திறனைக் குறிக்கும். 60 என்றால் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 4,200 கிலோ. மூன்றாவது இலக்கம் 1 ஆக இருந்தால் படுத்த நிலை, செங்குத்து நிலை, தலைக்கு மேல் என எந்த நிலையிலும் பற்ற வைக்கலாம். கடைசி இலக்கம் பூச்சின் வகையையும் ஏற்ற மின்சாரத்தையும் காட்டும். இந்தியத் தர எண் 814-இன்படி அச்சிட்ட குறியீட்டில், முதலில் வரும் ‘இ’ என்ற ஆங்கில எழுத்துக்கு அடுத்து ‘ஆர்’ இருந்தால் அது 6013 போன்ற ரூட்டைல் பூச்சு; ‘பி’ இருந்தால் 7018 போன்ற லோ ஹைட்ரஜன் பூச்சு; ‘சி’ இருந்தால் செல்லுலோஸ் பூச்சு.

70 என்பது 60-ஐ விடப் பெரிய எண். ஆகவே 7018 எல்லா வேலைக்கும் மேலானது என்று சிலர் கருதுகின்றனர். இது தவறான கணக்கு. ஆங்கிள், பட்டை, தகடு என்று கடையில் கிடைக்கும் சாதா இரும்பின் தாங்கு திறனும் ஏறக்குறைய 4,200 கிலோதான். ஆகவே சாதா இரும்பை 6013 ராடால் ஒழுங்காகப் பற்ற வைத்தால் இணைப்பு இரும்புக்குச் சற்றும் குறையாது. அங்கே இணைப்பு விடுவதற்குக் காரணம் ராடின் பலக்குறைவு அன்று. ராடின் உருகல் இரும்புக்குள் இறங்காமல் மேலோடு ஒட்டியிருப்பதே. 7018-இன் உண்மையான சிறப்பு அந்த 70-இல் இல்லை, கடைசியில் உள்ள 8-இல் இருக்கிறது. அதன் விவரம் பின்னர் வருகிறது.

இரும்பை இனங்காணுதல்

ராடு கடைக்குப் போகுமுன் உடைந்தது எந்த இரும்பு என்று தெரிந்து கொள்வது அவசியம். இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரு அரமும், உளியும், சாணைச் சக்கரமும் போதும்.

அரத்தால் ஓரத்தில் தேய்த்துப் பார்க்கவும். சாதா இரும்பில் அரம் நன்றாகக் கடிக்கும். கடினப்படுத்திய எஃகில் கடிக்காமல் வழுக்கிச் செல்லும். உளியால் செதுக்கினால் சாதா இரும்பு சுருள் சுருளாக வரும்; வார்ப்பிரும்பு பொடிப்பொடியாக உதிரும். வார்ப்பிரும்பு உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் மணல் மணலாக இருக்கும். விரலால் தேய்த்தால் கருமை ஒட்டும்.

எல்லாவற்றிலும் நம்பகமானது பொறிச் சோதனை. சாணைச் சக்கரத்தில் வைத்தால் சாதா இரும்பு நீண்ட வெளிர்மஞ்சள் கோடுகளாகப் பொறி விடும். கோடுகளின் நுனியில் வெடிப்பு அதிகம் இராது. கரிமச்சத்து மிகுந்த எஃகில் பொறிகள் மத்தாப்புப் போல் கிளைத்து வெடிக்கும். லாரி ஸ்பிரிங் பட்டை, கொத்துக் கலப்பையின் கொழு முனை, சட்டிக் கலப்பையின் சட்டி ஆகியவை இவ்வகை. வார்ப்பிரும்பின் பொறி குட்டையாகவும் மங்கிய சிவப்பாகவும் சக்கரத்துக்கு அருகிலேயே அடங்கிவிடும். தெரிந்த இரும்புத் துண்டுகளை முதலில் சாணையில் வைத்துக் கண்ணுக்குப் பழக்கிக் கொண்டால் பிறகு ஐயம் வருவதில்லை. சோதனையின்போது கண்ணாடி அணிதல் வேண்டும்.

சாதா இரும்புக்கு 6013

கேஜ் வீலின் பட்டைகள், பரம்புச் சட்டம், விதைப்புக் கருவியின் பெட்டி, தண்ணீர்த் தொட்டித் தாங்கி போன்றவற்றுக்கு 6013 போதுமானது. விலை குறைவு, எளிதில் பற்றும், சாதாரண டிரான்ஸ்பார்மர் செட்டிலும் இன்வெர்ட்டர் செட்டிலும் ஒன்றுபோல் எரியும், கசடு எளிதில் பெயரும்.

இதன் குறை, இரும்புக்குள் ஆழமாக இறங்காதது. ஆகவே ராடின் தடிமனும் மின்சார அளவும் சரியாக இருக்க வேண்டும். 3 மி.மீ. வரையுள்ள தகட்டுக்கு 2.5 மி.மீ. ராடு, பட்டறைகளில் இதைப் பன்னிரண்டாம் நம்பர் என்பார்கள். இதற்கு 60 முதல் 90 ஆம்பியர். 4 முதல் 6 மி.மீ. இரும்புக்கு பத்தாம் நம்பர் எனப்படும் 3.15 மி.மீ. ராடு, 90 முதல் 130 ஆம்பியர். அதற்கும் கனத்த இரும்புக்கு எட்டாம் நம்பர் எனப்படும் 4 மி.மீ. ராடு, 140 முதல் 180 ஆம்பியர். பெட்டியின்மேல் வேறு அளவு குறித்திருந்தால் அதையே பின்பற்றுக.

6 மி.மீ.க்கு மேற்பட்ட கனத்தை ஒரே ஓட்டத்தில் மேலோடு நிரப்புவது ஏமாற்று வேலை. இரு முனைகளையும் சாய்வாகச் சாணை பிடித்து, அடிப்பகுதியில் சிறிய ராடால் ஒரு ஓட்டம் விட்டு, கசடை முழுவதும் கொத்தி எடுத்த பின்னரே அடுத்த ஓட்டம் விடுதல் வேண்டும். மாலை நேரங்களில் கிராமங்களில் மின்னழுத்தம் குறையும்போது, அளவுமுள் காட்டும் ஆம்பியர் ராடுக்கு வந்து சேராது. அப்போது கனத்த வேலைகளைத் தள்ளிப் போடுவது நலம்.

துருவும் வண்ணமும் ஏறிய பழைய இரும்பைச் சுத்தம் செய்ய வழியில்லாத இடத்தில் 6011 எனப்படும் செல்லுலோஸ் ராடு உதவும், ஆழமாக இறங்கும். சிறிய ஊர்க் கடைகளில் இது எளிதில் கிடைப்பதில்லை. துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு 6013-ஐப் பயன்படுத்துவதே பெரும்பாலோருக்கு நடக்கக் கூடியது.

உயிருக்குப் பொறுப்பான இடங்களுக்கு லோ ஹைட்ரஜன்

கரும்பு அரவைப் பருவத்தில் பல டன் கரும்பை ஏற்றிக் கொண்டு மேடு பள்ளமான வண்டிப் பாதையில் போகும் டிரெய்லரின் முன் சட்டத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே விசை சீராக இருப்பதில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் வெட்டி வெட்டி இழுக்கும். ஏற்றத்தில் அந்த இணைப்பு விட்டால் டிரெய்லர் பின்னோக்கி ஓடும். பின்னால் இருசக்கர வண்டியில் வருபவருக்கு ஒதுங்க இடமிராது. இத்தகைய இடத்தில் இணைப்பு பலமாக இருந்தால் மட்டும் போதாது. அதிர்ச்சியைத் தாங்கி வளைந்து கொடுக்கவும் வேண்டும். டிரெய்லரின் இழுவைச் சட்டம், அச்சுத் தாங்கி, கேஜ் வீலின் நடுத்தட்டு, கலப்பையின் மூன்று முனைச் சட்டம் ஆகியவற்றுக்கு 7018 அல்லது 7016 எனப்படும் லோ ஹைட்ரஜன் ராடே பொருத்தமானது.

ராடின் பூச்சில் ஈரம் இருந்தால் வெப்பத்தில் அது சிதைந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். இந்த வாயு உருகிய இரும்பில் கரைந்து, பக்கத்தில் சூடேறி இறுகிய பகுதிக்குள் ஊடுருவும். அங்கே அது உடனே தொல்லை தருவதில்லை. சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ பற்ற வைத்த கோட்டை ஒட்டி மயிரிழை போல் விரிசல் காணும். மாலையில் நன்றாக இருந்த இணைப்பு மறுநாள் உழவில் சடக்கென்று விடுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். சாதா இரும்பில் இந்த ஆபத்து குறைவு. கனத்த இரும்பிலும் கரிமச்சத்து மிகுந்த எஃகிலும் அதிகம். லோ ஹைட்ரஜன் ராடின் பூச்சு, இந்த வாயு மிகக் குறைவாக வரும்படி தயாரிக்கப்படுகிறது. 

ஆனால் அந்தப் பூச்சே காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கொள்ளும். பட்டறைகளில் பெரிதும் கவனிக்கப்படாத செய்தி இது. பெட்டியைத் திறந்து மூலையில் போட்டு, வடகிழக்குப் பருவமழை முழுவதும் அங்கேயே கிடந்த 7018 ராடை எடுத்துப் பற்ற வைத்தால், அதிக விலை கொடுத்து வாங்கியும் அதன் சிறப்பில் எதுவும் மிஞ்சாது. பெட்டி திறந்த நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்தி விடுவது பொதுவான விதி. மீதமுள்ளவற்றை 120 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ராடு அடுப்பில் வைத்தல் வேண்டும். ஈரம் ஏறிய ராடை 250 முதல் 350 டிகிரி வரை ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் சூடாக்கி ஒரு முறை மட்டும் உலர்த்தலாம். சரியான அளவு பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும். வெயிலில் பரப்பிக் காய வைப்பது 7018-க்குப் பயன் தராது. வெயிலின் சூடு எங்கே, 250 டிகிரி எங்கே!

ராடு அடுப்பு இல்லாத பட்டறைதான் அதிகம். அங்கே விவசாயி செய்யக்கூடியது, முத்திரை உடையாத சிறிய பெட்டியாக வாங்கி, அன்றே திறந்து, டிரெய்லர் வேலை முழுவதையும் ஒரே மூச்சில் முடித்துக் கொள்வதாகும். மிச்சம் விழும் ராடுகளைக் கேட் வேலைக்குக் கொடுத்துவிடலாம், நட்டமில்லை. இரண்டு ராடுகளை ஒன்றோடொன்று தட்டினால் உலர்ந்தவை கணீரென்று ஒலிக்கும். ஈரமானவை மந்தமாக ஒலிக்கும். பூச்சில் வெள்ளைப் பொடி பூத்திருந்தாலும், உள்கம்பி துருப்பிடித்திருந்தாலும் அந்த ராடு எந்த முக்கிய வேலைக்கும் ஆகாது. 

7018-ஐ எரிக்கும் முறையும் வேறு. ராடின் நுனி இரும்புக்கு மிக நெருக்கமாக இருக்க வேண்டும். அகலமாக ஆட்டக் கூடாது. இன்வெர்ட்டர் செட்டில் ராடை பாசிடிவ் முனையில் இணைக்க வேண்டும். பழைய சிறிய டிரான்ஸ்பார்மர் செட்டுகளில் இந்த ராடு அணைந்து அணைந்து எரிந்து துளைகள் விழுவதுண்டு. அத்தகைய செட்டே உள்ள பட்டறையில் டிரெய்லர் வேலையைக் கொடுக்காதிருப்பது நலம்.

ஸ்பிரிங் பட்டையும் அச்சுத் தண்டும்

லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி, கொழுவாகவோ மண்வெட்டி முனையாகவோ சாதா இரும்போடு பற்ற வைப்பது பல ஊர்களில் வழக்கம். 6013 ராடால் குளிர்ந்த நிலையிலேயே பற்ற வைத்தால், இணைப்பை ஒட்டிய ஸ்பிரிங் பக்கம் கண்ணாடி போல் இறுகி உடையும். உலர்ந்த 7018 ராடைப் பயன்படுத்துவதோடு, இரும்பை முன்கூட்டியே 200 முதல் 300 டிகிரி வரை சூடாக்குதல் வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் எஃகின் ஒரு சிறு இடத்தைப் பளபளவென்று தேய்த்துவிட்டுச் சூடாக்கலாம். அந்த இடம் வைக்கோல் நிறம் அடைந்தால் சூடு 220 டிகிரியைத் தாண்டிவிட்டது. நீலமானால் 300-ஐ நெருங்கிவிட்டது. பற்ற வைத்த பின் உலர்ந்த நெல் உமிச் சாம்பலிலோ சுண்ணாம்புத் தூளிலோ புதைத்து மெல்ல ஆற விடுக. சூடான இணைப்பில் தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்கும் வழக்கம் உடனே கைவிடத்தக்கது. கொல்லர் கொழு முனைக்குத் துவைச்சல் ஏற்றுவது வேறு. பற்ற வைத்த இடத்தில் தண்ணீர் ஊற்றுவது வேறு.

எஃகு எந்த வகை என்று தெரியாதபோதும், சூடாக்க வசதியில்லாதபோதும் 312 எனப்படும் எவர்சில்வர் வகை ராடு கைகொடுக்கும். விலை மிக அதிகம். சிறிய, அவசர வேலைகளுக்கு மட்டுமே கட்டுப்படியாகும்.

வார்ப்பிரும்பு

பம்ப்செட் உறை, தட்டை வெட்டும் இயந்திரத்தின் சக்கரம் முதலியவை பெரும்பாலும் வார்ப்பிரும்பு. இதில் 6013, 7018 இரண்டும் தோற்கும். பற்ற வைத்த கோடு அப்படியே பெயர்ந்து வரும். இதற்கென்று நிக்கல் ராடும், நிக்கலும் இரும்பும் கலந்த ராடும் உள்ளன. முன்னது மெல்லிய உறைக்கும், பின்பு துளையிட்டுக் கடைசல் பிடிக்க வேண்டிய இடத்துக்கும் ஏற்றது. பின்னது கனத்த பாகங்களுக்குப் பலம் தரும்.

விரிசலின் இரு நுனிகளிலும் 3 மி.மீ. துளை இட்டால் விரிசல் மேலும் ஓடாது. எண்ணெய்ப் பிசுக்கைச் சூடு காட்டி எரித்து நீக்கியபின், குறைந்த ஆம்பியரில் ஒரு அங்குல நீளத்துக்கு மேற்படாமல் பற்ற வைத்து, சூடு ஆறுமுன் சிறு சுத்தியலால் மென்மையாகத் தட்ட வேண்டும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பின்னரே அடுத்த அங்குலம். அவசரக்காரரிடம் இந்த வேலையைக் கொடுத்தால் ஒரு விரிசல் இரண்டாகித் திரும்பும். நிக்கல் ராடு 6013-ஐப் போல் பல மடங்கு விலை. ஆகவே உடைந்த பாகத்தின் புது விலையை முதலில் விசாரித்துக் கொள்ளவும். சிறு பாகங்களுக்குக் கேஸ் பட்டறையில் பித்தளை ஒட்டு வைப்பது மலிவாகவும் போதுமானதாகவும் இருக்கும்.

கொழு முனைக்குக் கவசம்

மணற்பாங்கான நிலத்தில் கொழுவும் ரோட்டவேட்டர் கத்தியும் விரைவில் தேய்கின்றன. குரோமியம் கார்பைடு கலந்த கவச ராடால் முனையில் ஒரு படலம் இட்டால் தேய்மானம் வெகுவாகக் குறையும். இந்த ராடு இணைப்புக்கு உரியதன்று. மேற்பூச்சுக்கு மட்டுமே உரியது. கருவி தேயத் தொடங்குமுன் இடுவதே சிக்கனம். தேய்ந்து குறுகிய முனையை முதலில் 7018-ஆல் வளர்த்து, அதன்மேல் ஒன்று அல்லது இரண்டு படலம் மட்டும் இடவும். ஒரு பக்கம் மட்டும் இட்டால் மறுபக்கம் முதலில் தேய்ந்து, முனை தானே கூர்மை பெறும். படலத்தின் குறுக்கே மெல்லிய வெடிப்புகள் தோன்றுவது இந்த ராடின் இயல்பு, அச்சப்பட வேண்டாம். ரோட்டவேட்டரில் எல்லாக் கத்திகளுக்கும் ஒரே அளவாக இடாவிட்டால் எடை மாறித் தண்டு அதிரும்.

எந்த ராடும் ஆகாத இடங்கள்

டிராக்டரின் ஸ்டீரிங் தண்டுகள், முன் அச்சு, டிரெய்லரின் அடித்து வார்த்த கொக்கி, விரிசல் விட்ட கலப்பைச் சட்டி ஆகியவற்றைப் பற்ற வைக்கவே கூடாது. புதியது மாற்றுவதே வழி. டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் வெல்டிங் வைத்தால் டயருக்குள் வாயு பெருகி வெடிக்கும். காற்றை இறக்கினால் மட்டும் போதாது, டயரைக் கழற்றிவிட வேண்டும். டீசல் டாங்கிலும் பூச்சிமருந்து டிரம்மிலும் நெருப்புக் காட்டலாகாது. டிராக்டரோடு இணைந்த பாகத்தில் பற்ற வைக்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, எர்த் கிளிப்பைப் பற்ற வைக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்டவும். துத்தநாகம் பூசிய குழாயில் வரும் வெண்புகை காய்ச்சலை உண்டாக்கும். பூச்சைச் சாணை பிடித்து நீக்கிவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் வேலை செய்க.

பட்டறையின் வேலையில் ஐயம் இருந்தால், டிரெய்லரைத் தொடுமுன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அரையடி நீளமுள்ள இரு பட்டைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று செங்குத்தாக நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் அதே ராடால், அதே ஆம்பியரில் பற்ற வைக்கச் சொல்லவும். ஆறிய பின், பற்ற வைக்காத பக்கத்திலிருந்து பெரிய சுத்தியலால் அடித்து, வெல்டிங் இருக்கும் பக்கமாக மடக்கவும். பட்டை வளைந்தும் இணைப்பு விடாதிருந்தால் வேலையைக் கொடுக்கலாம். இணைப்பு உடைந்தால் உள்முகத்தைக் கவனிக்கவும்: தேன்கூடு போல் துளைகள் இருந்தால் ராடில் ஈரம், இரும்பின் பழைய பரப்பு உருகாமல் அப்படியே தெரிந்தால் ஆம்பியர் குறைவு, கறுப்புக் கீற்றுகள் இருந்தால் கசடு கொத்தப்படவில்லை.